மூடியைத் திறந்தால் கறுப்புத் திரை: லினக்ஸ் லேப்டாப் தூங்கி எழும்போது கிராபிக்ஸ் ஏன் தகராறு செய்கிறது?

லேப்டாப்பின் மூடியைத் திறக்கிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, பவர் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இன்னொருவருக்குத் திரை வந்துவிடும், ஆனால் எழுத்துகள் சிதறிப்போய் ஜன்னல்களுக்குள் வண்ணக் குப்பை தெரியும். மூன்றாமவருக்கு மவுஸ் அம்பு மட்டும் நகரும், எதைக் கிளிக் செய்தாலும் அசையாது. லினக்ஸோ அதைப் போன்ற இன்னொரு இயங்குதளமான பிஎஸ்டியோ கொஞ்ச காலம் லேப்டாப்பில் பயன்படுத்தியவர்களுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று பழக்கமாகியிருக்கும்.

இந்த நேரத்தில் வழக்கமாக நடப்பது என்ன? பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, மறுபடி போட்டு இணையத்தில் தேடுவது, எங்கோ யாரோ போட்டிருக்கும் கர்னல் பாராமீட்டர் (இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குப் பூட் ஆகும்போது கொடுக்கும் அமைப்பு) ஒன்றை எடுத்து ஒட்டுவது. அதிர்ஷ்டம் இருந்தால் சரியாகும். இல்லாவிட்டால் இன்னொரு பாராமீட்டர், அப்புறம் இன்னொன்று. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பூட் வரியில் ஏழெட்டு பாராமீட்டர்கள் வரிசையாக நிற்கும். எது எதற்குப் போட்டது என்று போட்டவருக்கே தெரியாது.

கறுப்புத் திரை என்பது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறிதான், நோயின் பெயர் அல்ல. இயந்திரமே எழவில்லையா, கர்னல் எழுந்து கிராபிக்ஸ் டிரைவர் மாட்டிக்கொண்டதா, டிரைவரும் எழுந்து பேனல் எழவில்லையா, பேனலும் எழுந்து பேக்லைட் மட்டும் அணைந்திருக்கிறதா, இல்லை எல்லாம் சரியாக இருந்து டெஸ்க்டாப் மட்டும் செத்துப்போயிற்றா? வெளியிலிருந்து பார்த்தால் இத்தனைக்கும் ஒரே முகம்தான். எது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை முழுக்க இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டால் தீர்வு பெரும்பாலும் ஒரு வரிதான்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்து பெரிய எழுத்து பார்த்து அடியுங்கள்.

தூங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

திரை அணைவது வேறு, லேப்டாப் தூங்குவது வேறு. பழைய வகைத் தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1996-ல் வெளிவந்த ஏசிபிஐ என்ற மின் மேலாண்மைத் தரம் இதற்கு எஸ்3 என்று பெயர் வைத்தது. இதில் பிராசஸருக்கு மின்சாரம் நிற்கும். கிராபிக்ஸ் சிப்புக்கும் நிற்கும். டிஸ்க், வைஃபை எல்லாம் நிற்கும். ரேமுக்கு மட்டும், உள்ளே இருப்பது அழியாமல் இருக்கும் அளவுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். திறந்து வைத்த கோப்புகள், ஓடிக்கொண்டிருந்த நிரல்கள், கர்னல் எல்லாமே அந்த ரேமுக்குள்தான் இருக்கின்றன.

கிராபிக்ஸ் சிப்பின் நிலைமை வேறு. எந்த வழியாகப் படத்தை அனுப்ப வேண்டும், ரெசல்யூஷன் என்ன, கடிகார வேகம் என்ன, படம் நினைவகத்தில் எந்த முகவரியில் இருக்கிறது என்பதையெல்லாம் அது ரெஜிஸ்டர்கள் என்ற தன் உள் சேமிப்பிடங்களில் வைத்திருக்கிறது. மின்சாரம் போனால் அத்தனையும் காலி.

லேப்டாப்பை அணைத்துவிட்டுப் போடும்போதும் இவை காலியாகத்தானே இருக்கும், அப்போது மட்டும் எப்படித் திரை வருகிறது? அங்கே யூஇஎஃப்ஐ அல்லது பயாஸ் (லேப்டாப்பின் சிப்பிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற தொடக்க நிரல்) முதலில் கிராபிக்ஸை எழுப்பிவிடுகிறது. நிறுவனத்தின் லோகோ திரையில் தெரிவது அதனால்தான். லினக்ஸ் டிரைவர் வரும்போது சிப் ஏற்கெனவே உயிரோடு இருக்கும், பொறுப்பை வாங்கிக்கொண்டால் போதும். எஸ்3 தூக்கத்திலிருந்து எழும்போது அப்படி இல்லை. பயாஸ் அத்தியாவசியமானதை மட்டும் செய்துவிட்டு நேராகக் கர்னலிடம் குதித்துவிடும். திரையை அது தொடுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். டிரைவர்தான் வெறும் சிப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் தானே எழுப்ப வேண்டும். “பூட் ஆகும்போது நன்றாக வருகிறதே, எழும்போது மட்டும் ஏன் வரவில்லை” என்ற கேள்விக்குப் பதில் இதுதான். பூட் ஆவதற்கும் எழுவதற்கும் டிரைவரில் ஓடும் பாதை ஒன்றல்ல. பூட் பாதையைப் பூட் செய்கிற எல்லோரும் தினமும் சோதிக்கிறார்கள். எழும் பாதை அந்தக் குறிப்பிட்ட லேப்டாப் மாடலில் யாராவது தூங்க வைத்துப் பார்த்தால்தான் சோதிக்கப்படும்.

2009-க்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் வேலை அப்போது கர்னலிடம் இல்லை, வெளியே ஓடிக்கொண்டிருந்த, ஜன்னல்களை வரையும் எக்ஸ் சர்வர் என்ற நிரலிடம் இருந்தது. கர்னல் எழுந்துவிடும், திரையை எப்படிப் போடுவது என்று அதற்குத் தெரியாது. அதற்காக வீபிஇடூல் என்ற கருவியை வைத்து பயாஸின் வீடியோ நிரலை மறுபடி ஓட விடுவார்கள், ஏசிபிஐ_ஸ்லீப்=எஸ்3_பயாஸ் என்று பாராமீட்டர் கொடுப்பார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் வந்த 2.6.29 கர்னலில் இன்டெல் சிப்களுக்கு, திரை அமைக்கும் வேலை கர்னலுக்குள்ளேயே வந்தது. மற்ற சிப்களின் டிரைவர்களும் பின்னால் வந்து சேர்ந்தன. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அந்தக் காலத்துப் பரிந்துரைகள் இணையத்தில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. இன்றைய டிரைவர்களோடு அவற்றைப் போட்டால் பலன் இல்லை, சில சமயம் நன்றாக இருப்பதையும் கெடுக்கும்.

இதே வரிசையில் நோமோட்செட் என்ற பாராமீட்டரையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிலேயே திரை வராதபோது அவசரத்துக்கு அது உதவும். ஆனால் அது கர்னலின் கிராபிக்ஸ் டிரைவரையே ஒதுக்கி வைத்துவிடுகிறது. சிப்பை எழுப்ப வேண்டியவரே வீட்டில் இல்லை என்றால் தூங்கி எழுந்த பிறகு திரை எப்படி வரும்? லினக்ஸை நிறுவும்போது அதைப் போட்டு அப்படியே மறந்தவர்கள் முதலில் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்களில் இன்னொரு தலைவலி உண்டு. கார்டுக்கென்று தனி நினைவகம் இருக்கும், மின்சாரம் போனால் அதில் இருப்பதும் போய்விடும். அதனால் தூங்குவதற்கு முன் டிரைவர் அதிலிருக்கும் படங்கள், எழுத்து வடிவங்கள், விளையாட்டுகளின் டெக்ஸ்சர்கள் எல்லாவற்றையும் ரேமுக்கு மாற்ற வேண்டும், எழுந்ததும் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். வெள்ளையடிக்க அறையைக் காலி செய்து சாமான்களைப் பக்கத்து அறையில் போடுகிறோமே, அதே கதைதான். பக்கத்து அறை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் சிக்கல். ரேம் நிறைய நிரல்கள் ஓடும்போது மட்டும் தூங்காமலோ எழாமலோ போகிறது, காலியாக இருக்கும்போது ஒழுங்காக எழுகிறது என்றால் சந்தேகம் இங்கே விழ வேண்டும்.

தூக்கம் இரண்டு வகை

கடந்த பத்தாண்டு லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3-யே கிடையாது. அதற்குப் பதிலாக எஸ்2ஐடில் என்ற வகை வருகிறது. இதில் எதுவும் அதிகாரபூர்வமாக அணைவதில்லை. கர்னல் எல்லா நிரல்களையும் உறைய வைத்து, ஒவ்வொரு சாதனத்தையும் அதன் மிகக் குறைந்த மின் நிலைக்கு அனுப்பிவிட்டுப் பிராசஸரைச் சும்மா இருக்க விடுகிறது. கைப்பேசி தூங்குவதைப் போன்ற தூக்கம். பயாஸ் நடுவில் வராது என்பதால் சில வகைக் கோளாறுகள் குறையும். அதே சமயம் ஏதாவது ஒரு சாதனம் தூங்க மறுத்தால் பை சூடாகும், காலையில் பேட்டரி காலியாக இருக்கும்.

உங்களுடையது எது என்று பார்ப்பது சுலபம். டெர்மினலில் கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் என்று அடியுங்கள். எஸ்2ஐடில், டீப் என்ற இரண்டு சொற்கள் வந்து அவற்றில் ஒன்று சதுர அடைப்புக்குள் இருக்கும். அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் இருப்பது. டீப் என்பது எஸ்3. இரண்டும் தெரிந்தால் மாற்றிப் பார்க்கலாம்: ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) அந்தக் கோப்பில் மற்ற சொல்லை எழுதிவிட்டுத் தூங்க வைத்துப் பாருங்கள். ஒன்றில் கிராபிக்ஸ் கெடுகிறது, மற்றதில் கெடவில்லை என்றால் அதுவே பெரிய தடயம். நிரந்தரமாக்க மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்று பூட் வரியில் போடலாம்.

எஸ்2ஐடில் மட்டும்தான் தெரிகிறது என்றால் ஃபர்ம்வேர் எஸ்3-ஐக் கொடுக்கவில்லை என்று பொருள். சில திங்க்பேட் மாடல்களின் பயாஸ் அமைப்பில் தூக்க நிலைக்கு விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். அங்கே லினக்ஸ் என்று மாற்றினால் எஸ்3 கிடைக்கும். அப்படித் தேர்வே இல்லாத லேப்டாப்பில் எஸ்3-ஐ வலுக்கட்டாயமாக வரவழைக்க ஏசிபிஐ அட்டவணைகளைத் திருத்துகிறவர்கள் உண்டு. புதிதாக வருபவர்களுக்கு அந்த வழி வேண்டாம் என்பேன். தயாரிப்பாளர் சோதிக்காத எழும் பாதையில் போய் நிற்பீர்கள்.

திரை கறுப்பாக இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்

இதுதான் முக்கியமான கட்டம், இதைத்தான் நாம் பவர் பட்டனை அழுத்தி வீணாக்குகிறோம். கொஞ்சம் பொறுத்து வரிசையாகப் பாருங்கள்.

முதலில் கேப்ஸ் லாக் விசை. அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் கர்னல் உயிரோடு இருக்கிறது, விசைப்பலகையைக் கவனிக்கிறது. விளக்கு தன் பாட்டுக்கு விட்டு விட்டுக் கண் சிமிட்டினால் கர்னல் பேனிக், அதாவது கர்னல் மீள முடியாமல் நின்றுவிட்டது. அழுத்தியும் மாறவே இல்லை என்றால் இயந்திரம் ஆழத்தில் எங்கோ தொங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கேப்ஸ் லாக் விளக்கே இல்லாத லேப்டாப் என்றால் நேராக அடுத்த சோதனைக்குப் போங்கள்.

அடுத்து அறையை இருட்டாக்கிக் கைப்பேசி டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடியுங்கள். கறுப்புக்குள்ளே மங்கலாகக் கடவுச்சொல் கேட்கும் பெட்டியோ கடிகாரமோ தெரிகிறதா? தெரிந்தால் கிராபிக்ஸ் சிப் தன் வேலையைச் செய்துவிட்டது. படம் பேனலுக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் மட்டும்தான் எரியவில்லை. இந்த ஒரு சோதனை எத்தனையோ மணி நேர அலைச்சலை மிச்சம் பிடிக்கும். டிரைவரை மாற்றுவதும் கர்னலை மாற்றுவதும் இந்த நோய்க்குத் தேவையே இல்லாத மருந்துகள். ஓஎல்இடி திரையில் மட்டும் இது உதவாது, அதில் தனி பேக்லைட் கிடையாது.

டார்ச்சிலும் எதுவும் தெரியவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3 அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் விசையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். இது எழுத்து மட்டும் உள்ள கன்சோலுக்குப் போகும் வழி. அங்கே லாகின் கேட்டால் கர்னல், டிரைவர், பேனல் மூன்றும் நலம். டெஸ்க்டாப்தான் விழுந்திருக்கிறது. க்னோம், கேடிஈ போன்றவற்றில் ஜன்னல்களைச் சேர்த்துத் திரையில் வரையும் கம்போசிட்டரோ பூட்டுத் திரையோ எழும் நேரத்தில் கிராபிக்ஸ் சிப்போடு தொடர்பு அறுந்து நின்றிருக்கும். சில சமயம் கன்சோலுக்குப் போய் டெஸ்க்டாப்புக்குத் திரும்பினாலே திரை வந்துவிடும், ஏனென்றால் அந்த மாற்றத்தில் டிரைவர் திரையை மறுபடி அமைக்கிறது. வந்துவிட்டால் சந்தோஷப்பட்டு மறந்துவிடாதீர்கள், அதுவும் ஒரு தடயம்.

வெளி மானிட்டர் கையில் இருந்தால் கேபிளைச் செருகிப் பாருங்கள். அதில் படம் வந்தால் சிப் நலம், உள் பேனலுக்குப் போகும் பாதையில்தான் கோளாறு. இன்னொரு கணினி இருந்தால் அதிலிருந்து எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாக டெர்மினல் திறக்கும் வசதி) வழியாக உள்ளே நுழைந்து பாருங்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த சோதனை இது. உள்ளே நுழைய முடிந்தால் திரை இல்லாமலேயே லாக் படிக்கலாம், பேக்லைட்டைத் தொடலாம், டெஸ்க்டாப்பை மட்டும் ரீஸ்டார்ட் செய்யலாம். ஆனால் எஸ்எஸ்ஹெச் சர்வரை முன்கூட்டியே நிறுவி, ஒரு முறை நுழைந்து பார்த்து வைத்திருக்க வேண்டும். கறுப்புத் திரை வந்த பிறகு நிறுவ முடியாது.

கடைசியாக, அணைக்கத்தான் வேண்டும் என்றால் ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி மூன்றையும் ஒவ்வொன்றாக, இடையில் ஓரிரு விநாடி விட்டு அழுத்துங்கள். டிஸ்கில் எழுத வேண்டியதை எழுது, கோப்பு முறைமைகளைப் படிக்க மட்டும் என்று மாற்று, ரீபூட் செய் என்பவை இந்த மூன்றும். உபுண்டுவில் இம்மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டிருக்கும், வேறு விநியோகங்களில் முன்பே இயக்கி வைக்க வேண்டியிருக்கலாம். இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், லாக் பதிவைக் காப்பாற்றத்தான். சிஸ்டம்டி என்ற சேவை மேலாளரின் லாக் பதிவான ஜர்னல் சாதாரணச் செய்திகளை இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் டிஸ்கில் உறுதி செய்கிறது. பவர் பட்டனைப் பிடித்து அணைத்தால் நமக்கு வேண்டிய அந்தக் கடைசி வரிகள்தான் முதலில் போகும்.

லாக்கில் எதைத் தேடுவது

ரீபூட் ஆனதும் ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 என்று அடித்தால் முந்தைய ஓட்டத்தின் கர்னல் செய்திகள் வரும். அதில் பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி என்ற வரி தூக்கத்தின் தொடக்கம். பிஎம்: சஸ்பெண்ட் எக்ஸிட் என்ற வரி விழிப்பின் முடிவு. இரண்டும் இருந்தால் கர்னல் முழுமையாக எழுந்திருக்கிறது. அவற்றுக்கு நடுவிலும் எக்ஸிட்டுக்குப் பிறகும் உங்கள் டிரைவரின் பெயரைத் தேடுங்கள்: இன்டெலுக்கு ஐ915 அல்லது புதிய எக்ஸ்ஈ, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு, என்விடியாவுக்கு என்விஆர்எம் அல்லது நூவோ. ஜிபியு ஹேங், ரிங் டைம்அவுட், எக்ஸ்ஐடி போன்ற சொற்கள் கிடைத்தால் அந்த வரியை அப்படியே எடுத்து வையுங்கள்.

என்ட்ரி மட்டும் இருக்கிறது, எக்ஸிட் இல்லை என்றால்? இயந்திரம் எழவே இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எழுந்து, டிஸ்கில் எழுதுவதற்குள் தொங்கியிருந்தாலும் லாக் இப்படித்தான் இருக்கும். அந்த இருட்டுக்குள் வெளிச்சம் போடத்தான் அடுத்த கருவி.

தூக்கத்தைத் துண்டு துண்டாகச் சோதிப்பது

கர்னலில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது, /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் என்ற கோப்பு. இவ்வளவு உபயோகமான ஒன்று இவ்வளவு பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வியப்புதான். இதில் ஒரு சொல்லை எழுதிவிட்டுத் தூங்க வைத்தால், கர்னல் அந்தப் படி வரைக்கும் மட்டும் போய், சுமார் 5 விநாடி காத்திருந்து, தானாகவே திரும்பி எழுந்துவிடும். படிகள் இவை: ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசஸர்ஸ், கோர். முதல் படியில் நிரல்கள் மட்டும் உறையும். இரண்டாவதில் சாதனங்களும் தூங்கும். இப்படிப் படிப்படியாக ஆழம் கூடும்.

நமக்கு முக்கியம் டிவைசஸ். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு ரூட் ஷெல்லில் எக்கோ டிவைசஸ் > /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் என்று அடியுங்கள், அப்புறம் சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட். திரை அணையும், சில விநாடியில் திரும்ப வர வேண்டும். இந்தச் சோதனையில் கிராபிக்ஸ் டிரைவர் தூங்கும் சடங்கு முழுவதையும் செய்கிறது, ஆனால் இயந்திரத்தின் மின்சாரம் உண்மையில் போவதில்லை, பயாஸும் நடுவில் வருவதில்லை. இதிலேயே திரை வராமல் போனால் குற்றவாளி டிரைவர்தான், ஃபர்ம்வேரைக் குறை சொல்ல இடமில்லை. இது தேறி, கோர் வரை எல்லாப் படிகளும் தேறி, உண்மையான தூக்கத்தில் மட்டும் தோற்றால், மின்சாரம் போய் வந்த பிறகு சிப்பை எழுப்புவதில் சிக்கல், அல்லது பயாஸ் எழும்போது எதையோ கலைத்துவிடுகிறது. முடிந்ததும் அதே கோப்பில் நன் என்று எழுதிப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். மறந்தால் லேப்டாப் தூங்கியதும் எழுந்து உட்காரும், அது ஒரு புதிய கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 30 என்ற கட்டளையும் கைவசம் இருக்கட்டும். இது லேப்டாப்பைத் தூங்க வைத்து 30 விநாடியில் கடிகார அலாரத்தால் எழுப்பும். மூடியைத் தொடாமலேயே தூக்கத்தைச் சோதிக்கலாம் என்பதுதான் இதன் அழகு. இதில் ஒழுங்காக எழுகிறது, மூடியை மூடித் திறந்தால் மட்டும் கறுப்பு என்றால் கிராபிக்ஸ் மேல் பழி போடாதீர்கள். மூடி திறந்துவிட்டது என்ற செய்தி கர்னலுக்குச் சரியாக வந்து சேராமல் போவதுண்டு. மூடி இன்னும் மூடியிருக்கிறது என்று நம்பும் டெஸ்க்டாப், உள் திரையை வேண்டுமென்றே அணைத்து வைக்கும். /பிராக்/ஏசிபிஐ/பட்டன்/லிட் என்பதற்குள் இருக்கும் ஸ்டேட் கோப்பைப் படித்தால் கர்னல் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

இயந்திரம் முழுதாகத் தொங்கி, லாக்கும் இல்லை என்ற கடைசி நிலைக்கு பிஎம்_டிரேஸ் இருக்கிறது. /சிஸ்/பவர்/பிஎம்_டிரேஸ் கோப்பில் 1 என்று எழுதிவிட்டுத் தூங்க வைத்தால், கர்னல் தான் எந்தச் சாதனத்தில் இருக்கிறது என்ற அடையாளத்தை லேப்டாப்பின் கடிகாரச் சிப்புக்குள் எழுதிக்கொண்டே போகும். தொங்கியதும் அணைத்து உடனே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், மறுபடி பூட் செய்து டிமெஸ்க் என்ற கர்னல் செய்திப் பட்டியலில் ஹாஷ் மேட்சஸ் என்ற வரியைத் தேடினால் கடைசியாகத் தொட்ட சாதனம் தெரியலாம். நேரமும் தேதியும் கன்னாபின்னா என்று மாறியிருக்கும், அது கோளாறு அல்ல. இது எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி பிராசஸர்) இயந்திரங்களுக்கு மட்டும்.

எது என்று தெரிந்த பிறகு

பேக்லைட் என்றால் /சிஸ்/கிளாஸ்/பேக்லைட் என்ற அடைவைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பிரைட்னஸ் கோப்பில் 0 இருக்கிறதா? எஸ்எஸ்ஹெச் வழியாக ஓர் எண்ணை எழுதினால் திரை வந்துவிடும் வாய்ப்பு உண்டு. அடைவில் இரண்டு பேர் இருந்தால், அதாவது ஒரே விளக்குக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தால், தவறானது பொறுப்பில் இருக்கலாம். ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ் அல்லது வெண்டார் என்று பூட் வரியில் போட்டு எது பொருந்துகிறது என்று பார்க்கலாம்.

எழுந்த பிறகு படம் உறைந்து நிற்கிறது, மினுங்குகிறது, மவுஸை அசைத்தால்தான் புதுப்பிக்கிறது என்றால் பிஎஸ்ஆர் என்ற மின்சேமிப்பு வசதியைச் சந்தேகியுங்கள். படம் மாறாதபோது பேனல் தன்னிடம் இருக்கும் பிரதியையே காட்டிக்கொண்டு, சிப்பை ஓய்வெடுக்க விடும் ஏற்பாடு அது. எழும் நேரத்தில் இரண்டுக்கும் இடையே பேச்சு அறுந்தால் பழைய படமே நிற்கும். ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0 என்பது இன்டெலுக்கு. ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு.டிசிடிபக்மாஸ்க்=0x10. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அதனால் பலன் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள், போட்டது இருக்கட்டும் என்று விடாதீர்கள்.

என்விடியாவின் சொந்த டிரைவரில் எழுத்துகள் சிதறுவது, வால்பேப்பர் குப்பையாவது போன்றவற்றின் வேர் முன்பு சொன்ன சாமான் மாற்றும் வேலையில்தான் இருக்கிறது. அந்த டிரைவர் நெடுங்காலமாக இயல்பு நிலையில் கார்டு நினைவகம் முழுவதையும் பத்திரப்படுத்துவதில்லை. முழுவதையும் பத்திரப்படுத்தச் சொல்ல, என்வி_ரெக் என்ற முன்னொட்டோடு வரும் பிரிசர்வ்வீடியோமெமரிஅலொகேஷன்ஸ் என்ற தேர்வை 1 ஆக்க வேண்டும். அதோடு என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ரெசூம் என்ற இரண்டு சிஸ்டம்டி சேவைகளும் இயங்க வேண்டும். பல விநியோகங்கள் இதை இப்போது தாமாகவே செய்து தருகின்றன. பத்திரப்படுத்துவது ஒரு தற்காலிகக் கோப்பில். அது இயல்பாக /டிஎம்பி-க்குப் போகும். உங்கள் /டிஎம்பி ரேமிலேயே இருந்து இடம் போதாமல் போனால் வேலை கெடும், அப்போது பாதையை /வார்/டிஎம்பி என்று மாற்றுங்கள். இந்தத் தேர்வை இயக்கிய பிறகு /சிஸ்/பவர்/ஸ்டேட் கோப்பில் நேரடியாக எழுதித் தூங்க வைத்தால் மறுத்துவிடும். மேலே சோதனைக்கு சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட் என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்போடு தனி கார்டும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்களில், எது தொல்லை செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள். தனி கார்டின் டிரைவரைத் தற்காலிகமாகத் தடுத்து வைத்துவிட்டுத் தூங்க வைப்பது எளிய வழி. அப்போது சரியாக எழுந்தால் தேட வேண்டிய பரப்பு பாதியாகக் குறைந்தது.

ஃபர்ம்வேர் கோப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள். இன்றைய கிராபிக்ஸ் சிப்களுக்குள் சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வேண்டிய நிரலை டிரைவர்தான் /லிப்/ஃபர்ம்வேர் அடைவிலிருந்து ஏற்றுகிறது, எழும்போதும் ஏற்ற வேண்டும். கர்னலை மட்டும் புதுப்பித்து இந்தப் பொதியைப் பழையதாகவே விட்டால் வினோதமான கோளாறுகள் வரும்.

பிஎஸ்டி பக்கம்

ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓபன்பிஎஸ்டியிலும் இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவர்கள் லினக்ஸிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அதனால் மேலே சொன்ன காரணங்கள் அங்கும் பொருந்தும், திருத்தங்கள் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். ஃப்ரீபிஎஸ்டியில் டிஆர்எம்-கேமாட் பொதியை நிறுவி, சிப்புக்கு உரிய டிரைவர் பூட்டின்போது ஏறும்படி வைத்திருக்கிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி. அது இல்லாமல் எழுந்த பிறகு திரையை எதிர்பார்க்க வேண்டாம். ஏசிபிஐகான்ஃப் -எஸ் 3 தூங்க வைக்கும். டிபக்.ஏசிபிஐ.ரெசூம்_பீப் என்ற கர்னல் அமைப்பைச் சிஸ்சிடிஎல் கட்டளையால் 1 ஆக்கினால் எழும்போது ஸ்பீக்கர் ஒலிக்கும். திரை இல்லாதபோது, எழும் வேலை தொடங்கியதா என்று காதால் தெரிந்துகொள்ள நல்ல வழி. ஓபன்பிஎஸ்டியில் ஏபிஎம்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தூங்க வைக்கும் கட்டளையின் பெயரே இசட் இசட் இசட் (மூன்றும் சின்ன எழுத்து). ஏஎம்டி சிப்புக்கு எஃப்டபிள்யூ_அப்டேட் ஓட்டி ஃபர்ம்வேரை இறக்கியாக வேண்டும். என்விடியா கார்டுக்கு அங்கே உருப்படியான டிரைவர் கிடையாது, அந்த லேப்டாப்பில் ஓபன்பிஎஸ்டியைத் தூங்க வைக்கும் ஆசையை விட்டுவிடலாம்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

நேற்று வரை ஒழுங்காக எழுந்த லேப்டாப், புதுப்பித்த பிறகு எழவில்லை என்றால் பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் எழுந்தால் பிரச்சினை உங்கள் அமைப்புகளில் இல்லை. புதிய கர்னலில் ஏதோ உடைந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னால் திருத்துவார்கள். தொடக்கம் முதலே எழவில்லை என்றால் எதிர்த்திசையில், விநியோகம் தரும் ஆகப் புதிய கர்னலையும் பயாஸ் புதுப்பிப்பையும் போட்டுப் பாருங்கள். புதிதாக வந்த மாடல்களுக்கு இது பெரும்பாலும் காலத்தால் தீரும் பிரச்சினை.

புகார் பதியும்போது, ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் கிட்லேப் தளத்தில் இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் தனித்தனி இடங்கள் இருக்கின்றன. “தூங்கி எழுந்தால் திரை வரவில்லை” என்ற ஒற்றை வரிக்குப் பதில் வருவது கஷ்டம். லேப்டாப் மாடல், பயாஸ் பதிப்பு, எந்தச் சிப், வேலை செய்த கடைசி கர்னல், செய்யாத முதல் கர்னல், தூக்கம் எஸ்2ஐடிலா டீப்பா, பிஎம்_டெஸ்டில் எந்தப் படியில் தோற்றது, அந்த நேரத்து லாக் முழுவதும் என்று இவ்வளவையும் சேர்த்துக் கொடுங்கள். வேலை செய்த கர்னலும் செய்யாத கர்னலும் அடுத்தடுத்த பதிப்புகளாக இருந்தால் புகாரின் முதல் வரியிலேயே அதை எழுதிவிடுங்கள்.